ஈரத் தீப்பெட்டிக்கு ஒரே ஒரு பீடம்

புதிய இசையரங்கத்தின் வாசலில் பீடத்தை முதலில் கட்டிவிட்டார்கள். அதன்மேல் யாரை நிறுத்துவது என்ற யோசனை சிமென்ட் காய்ந்த பிறகுதான் வந்தது. நல்ல கருங்கல் பீடம். ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம். இரண்டு பேர் நின்றால் ஒருவர் கீழே விழுந்து, திறப்புவிழா அன்றே நினைவு நாளும் வந்துவிடும்.

ஊரில் பிறந்து, புகழ்பெற்று, புகழைத் தொலைத்து, பிறகு “என்னா குழுய்யா அது!” என்று பெருமூச்சோடு பேசப்படும் உயரத்துக்குப் போன ராக் இசைக்குழு ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் ‘ஈரத் தீப்பெட்டி’. அதில் சிலைக்குத் தகுந்தவர்கள் இருவர். பாடியவரை ஊர் ‘தொண்டை’ என்று அழைத்தது. கிட்டார் வாசித்தவரைக் ‘கம்பி’ என்று அழைத்தது. டிரம்ஸ் அடித்தவர் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்துவிட்டதால், நிற்கிற சிலைக்கு அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை.

தொண்டையா, கம்பியா? விஷயம் ஒப்புநோக்கு ஆணையத்துக்குப் போயிற்று.

ஒப்புநோக்கு ஆணையத்தைப் பற்றித் தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எந்த இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதில் எது மேல் என்று சொல்வதுதான் அதன் வேலை. முன்பு ஆற்றின்மேல் இருந்த இரண்டு பாலங்களை ஒப்பிட்டது. தோற்ற பாலத்தை இடித்து, அந்தக் கல்லைக்கொண்டே வென்ற பாலத்தின் குறுக்கே ஒரு பாராட்டுச் சுவர் எழுப்பியது. அன்றுமுதல் ஜனங்கள் படகில் போகிறார்கள். இப்போது படகுக்காரர்கள் இருவரில் யார் சிறந்தவர் என்ற கோப்பு நடந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. நீச்சல் தெரிந்தவர்கள் கவலைப்படவில்லை.

ஆணையம் கூடிய முதல் நாளே ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தது. தொண்டையும் கம்பியும் சேர்ந்து செய்த பாட்டுகளில் எது யாருடைய பங்கு என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாததை ஒப்பிட முடியாது. ஆகவே, குழு உடைந்த பிறகு ஒவ்வொருவரும் தனியாகச் செய்ததை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அதாவது, ஊர் எதற்காக அவர்களை நினைவில் வைத்திருக்கிறதோ அதை ஒதுக்கிவிட்டு, எதைப் பெரிய மனது பண்ணி மறந்துவிட்டதோ அதற்காகச் சிலை வைப்பது.

இரண்டாவது தேவை, சாட்சி. ஆணையத்தின் விதிப்படி இரண்டு தரப்புக்கும் சம அளவில் நெருக்கமான ஒருவர் கடைசி அமர்வில் எழுந்து ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் அமைவது அபூர்வம். பாலங்கள் விஷயத்தில் ஒரு மீனை வைத்துச் சமாளித்திருந்தார்கள். இந்தத் தடவை ஆணையத்துக்கு அதிர்ஷ்டம். கம்பியின் தங்கைதான் தொண்டையின் மனைவி.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். செயலாளர் அவளைத் தேடிக் கடைக்கே வந்துவிட்டார். அப்போது அவள் ஒரு தபால்காரரின் மூக்கில் கனமான பரிசோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்கதானே இரு தரப்புப் பொது உறவினர்?” என்றார் செயலாளர்.

“நான் இங்க வேலை பாக்கறவங்க. கண்ணாடி வாங்க வந்தீங்களா?”

“கம்பி உங்க அண்ணன். தொண்டை உங்க கணவர். சரிதானே?”

அவள் கையிலிருந்த வில்லையைக் கீழே வைத்தாள். “ஆமா. ஏன், ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லையே?”

“ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லேன்னா பிரச்சினையே இல்லம்மா. ஒண்ணு இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பீடம்.”

செயலாளர் விளக்கினார். தபால்காரரும் சட்டத்தோடு திரும்பி ஆர்வமாகக் கேட்டார்.

“ஒரு பேரைச் சொன்னா இன்னொருத்தர் மனசு என்னாகும்?” என்றாள் அவள். “எங்கண்ணன் இப்பத்தாங்க வீட்டுக்கு வரப் போக இருக்காரு. ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றாரு. நான் பேரைச் சொல்லி, மறுபடி நின்னுட்டாருன்னா?”

“சாப்பாடு ஆணையத்தோட அதிகார எல்லைக்குள்ள வராதும்மா.”

“சார், நீங்க ஏன் இப்படிக் கண்ணை இடுக்கிக்கிட்டுப் பாக்கறீங்க? பவர் மாறியிருக்கு போல. ஒரு நிமிஷம் உட்காருங்க. இது தெளிவா இருக்கா, இல்ல இது…”

உட்கார்ந்த செயலாளர் சூடு பட்டவர்போல் எழுந்தார். “இதுவா அதுவான்னு கேக்கற அதிகாரம் எங்களுக்கு மட்டும்தான்,” என்று சொல்லிவிட்டு, நிலைக்கண்ணாடியை வாசல் என்று நினைத்து அதன் வழியாக வெளியேற முயன்றார்.

அவளுடைய பயத்தில் நியாயம் இருந்தது. ஈரத் தீப்பெட்டி உடைந்தது ஒரு பாட்டின் முடிவில். பாட்டைத் தொண்டை முடிப்பதா, கம்பி முடிப்பதா என்று மேடையிலேயே தகராறு. இவர் ஓர் இழுப்பு இழுத்தால் அவர் ஒரு சுற்று வாசிப்பார். அவர் முடித்தால் இவர் மறுபடி தொடங்குவார். ரசிகர்கள் கைதட்டி ஓய்ந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, பாதிப்பேர் திரும்பி வந்து பார்த்தபோதும் அதே பாட்டு முடிந்துகொண்டிருந்தது. கடைசியில் அரங்கக் காவலாளி மின்சாரத்தை நிறுத்தினார். அந்தப் பாட்டை முடித்தவர் என்று பார்த்தால் அவர்தான். அன்றோடு மச்சானும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்தினார்கள். வருடக்கணக்கில் நிறுத்தினார்கள்.

இந்தக் கோடையில்தான் அவள் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனது. தொண்டை அதைத் தட்டிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், பாடியும் பார்த்திருப்பார். வேறு வழியில்லாமல் அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். கம்பி வந்து மெஷினைச் சரிசெய்தார். ஈரக் கையோடு நின்றவரிடம் தொண்டை, “சாப்பிட்டுட்டுப் போங்க மச்சான்,” என்றார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறும் கம்பி வந்தார், இந்தத் தடவை பழுது எதுவும் இல்லாமலே. அதற்கடுத்த ஞாயிறு கிட்டாரோடு வந்து, பின்பக்க ஷெட்டில் உட்கார்ந்து சும்மா சுருதி கூட்டினார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தொண்டை அதே சுருதியில் கனைத்துக்கொண்டார். அடுப்படியில் அவள் கரண்டி கீழே விழுந்துவிடக் கூடாதே என்று அசையாமல் நின்றாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது சிலையில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

பீடத்தின் செய்தி வந்த பிறகு வந்த முதல் ஞாயிறு, இரண்டு பேரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். நடுவில் செயலாளரும் உட்கார்ந்தார். தீர்ப்பு வரும்வரை இரு தரப்பும் ஆணையத்தின் மேற்பார்வையில்லாமல் ஒரே மேஜையில் அமரக் கூடாதாம்.

“பாப்பா, அந்த உருளைக்கிழங்கைத் தள்ளு,” என்றார் கம்பி. ஐம்பது தாண்டிய தங்கையை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அவள் அண்ணனுக்கு அள்ளி வைத்தாள். கணவருக்குக் கொஞ்சமாக வைத்தாள்.

“நிறுத்துங்க!” என்றார் செயலாளர். “இது சாய்வு.”

“சாய்வெல்லாம் இல்லைங்க. இவருக்கு வாயுத் தொல்லை.”

“அப்ப உடல்நலச் சலுகைன்னு தொண்டை தரப்புக்குச் சாதகமா எழுதிடறேன்.”

“அவருக்குச் சலுகையா?” என்று கம்பி சீறினார். “எனக்கும் வாயு உண்டு. மாப்ளைக்கு இருக்கறதைவிட அதிகமாவே உண்டு.”

“எனக்கு வாயுவே இல்ல!” என்று தொண்டை தட்டை நீட்டினார். “சலுகைல ஜெயிச்சேன்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது. போடு!”

அன்று கம்பி வாயு உள்ளவர் என்பதை நிரூபிக்க ஒன்றுமே சாப்பிடவில்லை. தொண்டை வாயு இல்லாதவர் என்பதை நிரூபிக்க எல்லாவற்றையும் சாப்பிட்டார். மாலையில் அவர் நிரூபணத்தோடு கட்டிலில் புரண்டார். ஷெட் பக்கம் யாரும் போகவில்லை. போகும்போது செயலாளர் அவளிடம், “நீங்க அண்ணனைப் பாத்துச் சிரிச்சது கொஞ்சம் நீளமா இருந்தது. கணவருக்குப் பாக்கி இருக்கு,” என்று நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

அடுத்தது செவியமர்வு. இதற்கும் பொது உறவினர் வந்தாக வேண்டும். கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். வட்டமேஜையின் தலைமாட்டில் தலைவர் உட்கார்ந்திருந்தார். வட்டமேஜைக்குத் தலைமாடு எது என்று முடிவுசெய்ததும் இதே ஆணையம்தான். தலைவருக்கு வலப்பக்கம் செயலாளர். இடப்பக்கம் இசையியல் பேராசிரியர். சுவரோரம் தொண்டையும் கம்பியும், ஒருவரை ஒருவர் பார்த்துவிடாதபடி நடுவில் ஒரு தொட்டிச் செடி.

முதலில் தனிப்பயண அறிமுகம். குழு உடைந்ததும் தொண்டை வெளியிட்ட முதல் தொகுப்பின் பெயர் ‘முகம்’. அட்டையில் அவர் முகம். அடுத்தது ‘என் முகம்’. மூன்றாவது ‘என் முகத்தின் இடப்பக்கம்’. தொகுப்புக்குத் தொகுப்பு கேமரா நெருங்கி நெருங்கி, கடைசித் தொகுப்பின் அட்டையில் ஒரு மூக்குத் துவாரம் மட்டும் இருந்தது. இருட்டாக இருந்ததால் இரவைப் பற்றிய பாடல்கள் என்று நினைத்துச் சிலர் வாங்கினார்கள். கிட்டார் வாசிக்க ஒருவரை அவர் அமர்த்தியிருந்தார். ஆனால் மேடையில் அவரைத் திரைக்குப் பின்னால்தான் நிற்க வைப்பார். ஒருமுறை அந்த ஆள் பாதிப் பாட்டில் வீட்டுக்குப் போய்விட்டார். தொண்டைக்குத் தெரியவில்லை.

கம்பியும் ஒரு பாடகரை அமர்த்தினார். அவருடைய மைக்கை மட்டும் இணைக்கவில்லை. கம்பியின் தனித்தொகுப்பு ஒன்றே ஒன்று. அதில் பாட்டும் ஒன்றே ஒன்று. அது எப்படித் தொடங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். முடிவைக் கேட்டவர்கள் யாரும் இதுவரை தென்படவில்லை. அதைக் கேட்க உட்கார்ந்த ஒரு தம்பதி, பாதியில் மனம் வேறுபட்டு, பிரிந்து, வேறு வேறு கல்யாணம் செய்துகொண்டு, அந்தப் பிள்ளைகள் வந்து ரேடியோவை அணைத்ததாக ஒரு பேச்சு உண்டு. நான் அதை முழுவதும் நம்பவில்லை. பிரிந்தது வரைக்கும் நம்புகிறேன்.

“செவியமர்வுல பாரபட்சம் இருக்கக் கூடாது,” என்று செயலாளர் எழுந்தார். “பாட்டைக் கேட்டாலே குரலை வெச்சு இது தொண்டைன்னு தெரிஞ்சிடும். அதனால எல்லாத்துலயும் குரலை எடுத்தாச்சு. அதே மாதிரி கிட்டாரைக் கேட்டா இது கம்பின்னு தெரிஞ்சிடும். கிட்டாரையும் எடுத்தாச்சு.”

“அப்ப மிச்சம் என்ன இருக்கு?” என்று அவள் கேட்டுவிட்டாள்.

“நடுநிலை இருக்கும்மா.”

ஒலித்தட்டு சுழன்றது. டம் டம் டக். டம் டம் டக். அடுத்தவருடையது. டம் டம் டக். பிரிந்த பிறகும் இரண்டு பேருக்கும் அதே டிரம்ஸ்காரர்தான் வாசித்துக்கொண்டிருந்தார், அவருக்கு யாரோடும் சண்டையில்லை. தலைவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். பேராசிரியர் எழுந்து செருமிக்கொண்டார்.

“முதல்ல கேட்டது உள்நோக்கிய பயணம். ரெண்டாவது வெளிநோக்கியது. உள்நோக்கியதை வெளியே நின்னும், வெளிநோக்கியதை உள்ளே நின்னும் பாத்தா ரெண்டும் ஒரே ஜன்னல்தான். இதை நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வரேன். இதுக்கு முன்னாடி பாலங்களைப் பத்திச் சொன்னேன். அதுக்கு முன்னாடி, ரெண்டு கோழிப்பண்ணை வழக்கு வந்தப்ப கோழிகளைப் பத்திச் சொன்னேன். எங்கயும் பொருந்தியிருக்கு. எதுக்கும் பொருந்தற கருத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அவ்வளவு காலம் ஆச்சு. அதுக்கப்புறம் எதையும் கேக்க வேண்டிய அவசியம் வரல.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள், இரண்டு பக்கமும் சமமாகத் திரும்பி.

செவியமர்வு சமன். பிறகுதான் பேராசிரியர் குண்டைப் போட்டார். நடுவில் ஒரு காலத்தில் தொண்டை எதுவுமே வெளியிடவில்லை. உண்மையில் அப்போது அவருக்குத் தொண்டையில் கட்டி. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், மனுஷன் ஒரு செருப்புக் கடையில் கைச்சாடையால் அளவு கேட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் அதை ‘மௌனத் தொகுப்பு’ என்று வகைப்படுத்தி, தொண்டையின் தனிப்பயணத்திலேயே குறையில்லாத படைப்பு அதுதான் என்று அறிவித்தார்.

தொண்டை அடக்கமாகத் தலைகுனிந்தார். “அதுக்கு ரொம்ப உழைச்சேங்க,” என்றார்.

தொட்டிச் செடி ஆடியது. அந்தப் பக்கத்திலிருந்து கம்பி எழுந்தார். “நானும் சும்மா இருந்திருக்கேன்!”

“எப்போ?”

“மரச்சாமான் கடைல வண்டி ஓட்டினப்ப. கிட்டாரைத் தொடவே இல்ல. மாப்ளயாவது மனசுக்குள்ள ஏதாவது பாடியிருப்பாரு. நான் மனசுக்குள்ளயும் சும்மா இருந்தேன்.”

“மச்சான் வண்டி ஓட்டறப்ப ஸ்டியரிங்ல தாளம் போடுவாருங்க,” என்றார் தொண்டை கூரையைப் பார்த்து. “ஊருக்கே தெரியும்.”

“அது தாளமில்ல, கொசு!”

இப்படியாகப் போட்டி, யார் நன்றாகப் பாடினார், வாசித்தார் என்பதிலிருந்து யார் நன்றாகச் சும்மா இருந்தார் என்பதற்கு மாறியது. ஆணையம் மகிழ்ந்துபோனது. இந்தத் துறையில் அதன் உறுப்பினர்களுக்கு நேரடி அனுபவம் இருந்தது.

அந்த வாரம் கம்பி சாப்பிட வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவள் சாப்பாட்டை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு அண்ணன் இருந்த இடத்துக்குப் போனாள். கீழே சாவி வெட்டுகிற கடை, மேலே ஒற்றை அறை. கிட்டார் பெட்டி பூட்டிச் சுவரோரம் கிடந்தது. கம்பி நாற்காலியில் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“உடம்பு சரியில்லையாண்ணே?”

“ஷ்ஷ். ஒத்திகை.”

“என்ன ஒத்திகை?”

“சும்மா இருக்கறதுக்கு. அடுத்த அமர்வுல நேரடியா செஞ்சு காட்டச் சொல்லுவாங்கன்னு பேச்சு இருக்கு. உன் புருஷன் என்ன பண்றாரு?”

“அவரும் காலைலேர்ந்து சோபால இதேதான்.”

“முதுகை நிமித்தியா, சாஞ்சா?”

“அண்ணே!”

“சொல்லு பாப்பா. சாஞ்சு உட்காந்தா அது தூக்கம். கணக்குல வராது.”

அவள் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். “ஞாயித்துக்கிழமை வருவியா மாட்டியா? அதை மட்டும் சொல்லு.”

கம்பி கிட்டார் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒத்திகையா, சங்கடமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. “நீ என் பேரைச் சொன்னா வரேன்,” என்றார்.

வீட்டுக்கு வந்தால் சோபாவிலிருந்து தொண்டை, “அவர் பேரைச் சொன்னே, அப்புறம் இந்த வீட்டு வாசல்ல அவர் கால் வைக்கக் கூடாது,” என்றார். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், அவள் முகத்தில் எதையோ பார்த்து, முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

இரண்டு வீட்டிலும் இரண்டு ஆம்பிளைகள் ஊர் மெச்சச் சும்மா இருந்தார்கள். நின்றுபோன வாஷிங் மெஷினைச் சரிசெய்ய ஆள் உண்டு, இதுகளைச் சரிசெய்ய ஆளில்லையே என்று நினைத்தபடி அவள் மெஷினிலிருந்து துணியை எடுத்துக் காயப்போட்டாள்.

கடைசி அமர்வு இசையரங்கத்திலேயே நடந்தது. வாசலில் பீடத்துக்குப் பக்கத்தில் சிலையின் உடல் தயாராக நின்றது. தலை மட்டும் பாக்கி. தீர்ப்பு வந்ததும் பொருத்திவிடுவார்களாம். கையில் மைக் என்றும் சொல்லலாம், கிட்டாரின் கழுத்து என்றும் சொல்லலாம், மடக்கிய குடை என்றும் சொல்லலாம் போல ஒரு சாமான் இருந்தது. தொந்தி இருவருக்கும் பொது.

ஊரே கூடியிருந்தது. தலைவர் மேடை ஏறினார்.

“பெரியோர்களே, இந்த ஆணையத்துக்கு வந்த நாள்லேர்ந்து நான் ஒரு பாட்டுகூடக் கேட்டதில்ல. கேட்டா ஒரு பக்கம் சாஞ்சிடுவேனோன்னு பயம். வீட்டுல என் மனைவி ரேடியோ போட்டா நான் தெருவுல போய் நின்னுக்குவேன். தெருவுல யாராவது பாடினா மறுபடி வீட்டுக்குள்ள வந்துடுவேன். இப்படியே என் காதைச் சுத்தமா வெச்சிருக்கேன். ஒப்பிடறதுங்கறது எனக்கு வேலையில்ல, சுபாவம். எனக்கு ரெண்டு பசங்க. அவங்கள்ல யாரு ஒசத்தின்னு சின்ன வயசுலயே தீர விசாரிச்சு, சாப்பாட்டு மேஜைல வெச்சு அறிவிச்சிட்டேன். அன்னிலேர்ந்து ரெண்டு பேருமே என்கிட்ட பேசறதில்ல. ஜெயிச்சவன்கூட பேசறதில்ல. வீடு அவ்வளவு அமைதி! மேஜைல நான் மட்டும்தான் உட்காந்து சாப்பிடறேன். இடம் தாராளமா இருக்கு. அந்த அமைதியை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொண்டுபோய்ச் சேக்கறதுதான் ஆணையத்தோட லட்சியம்.”

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு மட்டும் கை எழவில்லை. தாராளமாக இடமிருக்கிற அந்த மேஜை கண்முன் வந்து நின்றது.

“பொது உறவினர் எழுந்திருக்கவும்,” என்றார் செயலாளர். “தொண்டையா? கம்பியா? ஒரே வார்த்தை.”

அவள் எழுந்தாள். இடப்பக்கம் தொண்டை காலரைச் சரிசெய்து, நல்ல கோணமான இடக் கன்னத்தைக் காட்டினார். வலப்பக்கம் கம்பி விரல்களை நெட்டி முறித்தார். வீட்டில் அவள் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்து வந்த பதில் ஒன்று இருந்தது. ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு மாதிரி என்று அழகாகத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து அது வரவில்லை. வேறொன்று வந்துவிட்டது.

“ரெண்டுமே நல்லால்லைங்க.”

அரங்கத்தில் யாரோ விசிறிக்கொண்டிருந்த அட்டை நின்றது.

“என்னது?” என்றார் தலைவர்.

“தனித்தனியா பண்ணது ரெண்டுமே நல்லால்ல. இவர் பாட்டுல நடுநடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கும், அதுல ‘ஓ ஓ’ன்னு கத்தி அடைச்சிருப்பாரு. எங்கண்ணன் வாசிக்கறதுல போதும்னு சொல்ல ஆளில்ல. அது போயிட்டே இருக்கும். நான் ரெண்டையும் வீட்டுல போட்டதே இல்லைங்க. முதல் பாட்டுலயே எனக்குத் தலைவலி வந்துடும்.” சொல்லி முடித்ததும் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. பட்டென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணனும் போச்சு, புருஷனும் போச்சு.

“ரெண்டும் இல்லைங்கற பதில் செல்லாது!” என்று செயலாளர் விதிப்புத்தகத்தை மூக்கில் இடிக்கும் தூரத்தில் வைத்துப் புரட்டினார். “மீன்கூட அப்படிச் சொல்லல!”

“ஏய்,” என்று எழுந்தார் தொண்டை. “தலைவலியா? என் பாட்டைக் கேட்டா உனக்குத் தலைவலியா?”

“நான் வாசிச்சா போதும்னு சொல்லணுமா?” என்று எழுந்தார் கம்பி. பிறகு, என்ன நினைத்தாரோ, நேராகத் தொண்டையைப் பார்த்துச் சொன்னார். “பாப்பாவுக்குச் சின்ன வயசுலேர்ந்தே காது கிடையாது மாப்ள.”

“இதை நீங்க கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கணும் மச்சான்! மறுநாளே பாடிக் காட்டினேன். கொட்டாவி விட்டா.”

“கொட்டாவியோட விட்டாளேன்னு சந்தோஷப்படுங்க. எங்க வீட்டுல நான் வாசிக்கத் தொடங்கினா மிக்ஸியைப் போடுவா. அரைக்க ஒண்ணும் இருக்காது. சும்மா போடுவா.”

“மிக்ஸியா! என்கிட்டயும் மிக்ஸிதான் மச்சான்!”

“தாளம் போடச் சொல்லிப் பாருங்க ஒரு நாள். கதவை உடைக்கற மாதிரி இருக்கும்.”

“உங்க வாசிப்பைப் போய் நல்லால்லைன்னு சொல்றா. இவளுக்கு என்ன தெரியும்?”

“உங்க குரலைச் சொல்றாளே, அதைச் சொல்லுங்க. வாங்க மாப்ள, இங்க நின்னா எனக்கு ரத்தம் கொதிக்குது.”

இருவரும் தோளோடு தோளாக வெளியேறினார்கள். ஆணையம் இங்கேயும் கொண்டுவந்து வைத்திருந்த தொட்டிச் செடி வழியில் தடுத்தது, தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆணையம் அசரவில்லை. பொது உறவினரின் பதிலால் இரண்டு தரப்பும் இல்லாமற்போகவே, கையில் மிஞ்சிய இரண்டை, அதாவது பீடத்தையும் தலையில்லாத சிலையையும், அங்கேயே ஒப்பிட ஆரம்பித்தது. உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் பார்க்கலாம் என்றார் பேராசிரியர். பீடம் வென்றது. சிலையை அப்புறப்படுத்தினார்கள். தலைவர் மாலையோடு போய், வெறும் பீடத்தைத் திறந்துவைத்தார். யார்மேலும் சாயாத ஒரே நினைவுச்சின்னம் என்று அதைப் புகழ்ந்தார். அதன்மேல் இப்போது ஒரு நாய் படுத்துக்கொள்கிறது. இன்னொரு நாயும் வந்து பார்ப்பதால் கோப்பு திறக்கப்பட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கம்பியும் வந்தார். வந்தவர் தங்கையோடு பேசவில்லை. தொண்டையும் பேசவில்லை. இரண்டு பேரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, அவள் காதில் விழும்படி பேசிக்கொண்டார்கள்.

“மாப்ள, உங்க வீட்டம்மாகிட்ட உப்பு இருக்கான்னு கேளுங்க.”

“நீங்களே கேளுங்க மச்சான், உங்க தங்கச்சிதானே. ஆனா காது கேக்குமான்னு தெரியல.”

அவள் உப்பை நடுவில் வைத்தாள். தட்டைக் காலிசெய்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, இரண்டு பேரும் ஷெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

அவள் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். முதலில் கிட்டார் வந்தது. பிறகு குரல் வந்தது. புதுப்பாட்டு. காதில்லாத ஒருத்தியைப் பற்றியது. அவளுக்கு ரசனை இல்லை, மனசாட்சி இல்லை, சமையலில் உப்பு இல்லை என்று ஒவ்வொரு அடியிலும் ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றினார் தொண்டை. அவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் கம்பி உள்ளே வந்தார். கம்பி போதும் என்று தயங்கும் இடத்தில் தொண்டை எடுத்துக்கொண்டார். ஓர் இடத்தில் இரண்டும் ஒரே மூச்சில் சேர்ந்து மேலே போயின. அவள் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. நுரை முழங்கை வரை வழிந்தது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். நுரை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பாட்டு முடிந்தது. அடுப்படி ஜன்னலில் இரண்டு தலைகள் தோன்றின. வியர்த்து, சிவந்து, பல் தெரிய.

“எப்படி இருக்கு?” என்றார் கம்பி.

அவளுக்கு நல்லாருக்கு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அடுத்த நிமிஷம் இது என் குரலால் என்பார் ஒருவர், என் விரலால் என்பார் இன்னொருவர். அவள் குழாயை மூடினாள்.

“கேவலமா இருக்கு,” என்றாள்.

“பாத்தீங்களா மச்சான்!”

“விடுங்க மாப்ள. முதல்லேர்ந்து வாசிப்போம். இந்தத் தடவை உறைக்கணும் அவளுக்கு.”

“ரெண்டாவது அடில இன்னும் நல்லா திட்டலாம்.”

“திட்டுங்க. நான் பின்னாடியே வரேன்.”

தலைகள் மறைந்தன. ஷெட் கதவு சாத்தப்படுவதற்குள் அவள் எட்டி, ஜன்னலை அகலமாகத் திறந்துவைத்தாள்.